காரணம் இல்லாத ஸ்தோத்திரம்

இன்று காலை தோல் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீ என் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டாய். நான் இப்போது பேக்கிங்கில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நானே கேட்டு வாங்கிக்கொண்டு போன இடம் அது. அங்கே அட்டைப்பெட்டி வாசனை மட்டும்தான். இன்றைக்கு ஃபோல்டிங்கில் ஆள் கம்மி என்று சூப்பர்வைசர் என்னைப் பழைய மேசைக்குத் தள்ளிவிட்டார். "பழகின கைதானம்மா, ஒரு நாள் பாத்துக்கோ" என்றார். தோலின் ஓரத்தில் பசை தடவி, விரலால் மடித்து, சின்னச் சுத்தியால் தட்டி உட்காரவைக்கிற வேலையைக் கை மறக்கவில்லை. நான்தான் கொஞ்ச நேரம் தோலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

எதிரில் இருந்த புதுப்பெண், "இன்னாக்கா, நெடி ஒத்துக்கலயா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒத்துக்கும், நீ வேலையப் பாரு" என்றேன். உன்னைப் பற்றி அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால் "ஐயோ பாவம்" என்பாள். உன்னை யாராவது பாவம் என்றால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, உனக்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஷூ கம்பெனியில் சேர்ந்தோம். ஒரே தெரு, ஒரே சபை, ஒரே மேசை. கம்பெனி பஸ் தெருமுனைக்கு விடிந்தும் விடியாமலும் வந்து நிற்கும். நீ ஈரத்தலையோடு ஓடிவந்து ஏறுவதற்குள் டிரைவர் ஹார்னை அழுத்திப் பிடித்திருப்பார். ஏறியதும், "ஸ்தோத்திரம், பஸ்ஸு கெடச்சிடுச்சி" என்பாய். பஸ்ஸைத் தவறவிட்டு, ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்து, கேட்டில் திட்டு வாங்கிய நாட்களிலும் அதே ஸ்தோத்திரம்தான். கரண்ட் போனால் ஸ்தோத்திரம், வந்தால் ஸ்தோத்திரம். சாப்பாட்டு டப்பாவில் நேற்றைய குழம்பு இருந்தால்கூட மூடியைத் திறக்கும்போது உன் வாயில் அந்த வார்த்தைதான் முதலில் வரும்.

எனக்கு எரிச்சலாக இருக்கும். "கெடச்சாலும் ஸ்தோத்திரம், கெடைக்கலன்னாலும் ஸ்தோத்திரமா? இன்னாடி இது, ஒரே பேஜாரா கீது" என்று ஒருநாள் கேட்டேன்.

"பஸ்ஸு போயிடுச்சி. ஆண்டவரு எங்கனா போயிட்டாரா?" என்று திருப்பிக் கேட்டாய். பிறகு ஊறுகாயை என் டப்பாவில் தள்ளிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாய்.

நான் அப்படிப்பட்டவள் இல்லை என்பது உனக்கு நன்றாகவே தெரியும். ஆண்டவரிடம் எனக்கு எப்போதும் கேட்க ஏதாவது இருக்கும். கேட்டது வந்தால் நன்றி சொல்வேன், வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பொண்டாட்டி புருஷனிடம் கோபித்துக்கொள்வதுபோல ஆண்டவரிடம் கோபித்துக்கொள்கிறவள் நான் என்று நீ சொல்லிச் சிரிப்பாய். "கோச்சிக்கோ, ஆனா பேச்ச வுட்றாத" என்பாய்.

உன் குரலை இனிமை என்று நான் சொல்லமாட்டேன். அதில் ஒரு முரட்டுத்தனம் இருந்தது, கைத்தறி லுங்கியின் புதுத்துணியைப்போல. பாடகர் குழுவில் நீ சேரவில்லை. பெண்கள் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாய். ஆனால் போதகர் பாட்டைச் சொன்னதும் பாடகர் குழுவே உன் பக்கம் திரும்பும். நீ எடுத்தால்தான் சபை எழும்பும். நம் கோயிலுக்கு உன் குரல்தான் மணி.

கம்பெனியிலும் நீ வாயை மூடவில்லை. ஒருமுறை ஏற்றுமதி அவசரம் என்று நம் லைனைப் பிழிந்து எடுத்தார்கள். டார்கெட் எட்டவில்லை. சூப்பர்வைசர் கத்திய கத்தலில் ஒரு பெண் அழுதுவிட்டாள். அப்போது நீ மெதுவாக ஒரு கீர்த்தனையை எடுத்தாய். மெஷின் சத்தத்துக்கு அடியிலேயே அது ஓடியது. நம் மேசையில் இருந்த எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், நம் சபையைச் சேராதவர்களும்கூட. சூப்பர்வைசர் திரும்பி வந்து, "இது கம்பெனியா, கோயிலா?" என்றார். நீ தலையை நிமிர்த்தாமல், "கையப் பாருங்க சார், கை நிக்கல" என்றாய். அவர் பார்த்தார். நிற்கவில்லைதான். அடுத்த லைனுக்குப் போய்விட்டார்.

பிறகு உன் தொண்டை கட்டியது. சளி என்றாய். மிளகு மென்றாய், பனங்கற்கண்டு அடக்கிக்கொண்டாய், சுடுதண்ணீர் குடித்தாய். கிறிஸ்துமஸ் பாட்டு ஊர்வலத்தில் கத்தியதுதான் காரணம் என்று தெருவே சொன்னது. கிறிஸ்துமஸ் முடிந்து, லெந்து நோன்புக்காலம் வந்து, ஈஸ்டரும் போய்விட்டது. தொண்டை திறக்கவில்லை. கடைசியில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் உன் வீட்டுக்காரரும் உன்னை அழைத்துப்போனோம்.

டாக்டரம்மா சின்ன வயது. படம் போட்டுக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். கட்டி குரல்வளையில் இருக்கிறது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு வராது. புண் ஆறிய பிறகு கருவி வைத்துக் கொஞ்சம் பேசப் பழகலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "பாட்டு?" என்றாய். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார்.

வெளியே மரத்தடி பெஞ்சுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். உன் வீட்டுக்காரர் மருந்துச்சீட்டோடு எங்கோ வரிசையில் நின்றிருந்தார். சுற்றி ஜனம் இருந்தது. எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. "உன் ஆண்டவருக்கு வேற எடமே கெடைக்கலயா? கை கீது, காலு கீது. பாடற தொண்டைதான் வேணுமா அவருக்கு?" என்று கத்தினேன். உன் கால்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. கையை முழங்காலின்மேல் வைத்து அழுத்திப்பார்த்தாய். அப்படியும் நிற்கவில்லை. உனக்குப் பயமே கிடையாது என்று சபையில் இன்றைக்கும் கதை பேசுகிறார்கள். அந்தக் கால்களை அவர்கள் பார்க்கவில்லை.

அப்புறம் நீ பாட ஆரம்பித்தாய். முதல் வரி காற்றாகத்தான் வந்தது. இரண்டாவது வரியில் கொஞ்சம் குரல் கிடைத்தது. உடைந்த குரல். அதை வைத்தே மேலே ஏறினாய். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனவர் நின்றார். நான் அவசரமாக என் போனை எடுத்து உன் வாயருகே நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டாய். "வேணாம்டி. இது அவருக்கு" என்றாய். பாட்டை முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுடி, இன்னாவாவது சாப்புடலாம்" என்றாய். கால்களின் ஆட்டம் நின்றிருந்தது.

அதற்காக உன்மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆளும் இல்லை. மிஸ்டு கால் கொடுக்கிற ஆள். உன் குரல் இந்த உலகத்தில் எந்தப் போனிலும் இல்லை. இரண்டு நிமிஷமாவது எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். நீ கொடுக்கவில்லை. அன்றைக்கு நான் பார்த்ததை மட்டும் என்னிடமிருந்து யாரும் எடுக்க முடியாது. பாட்டு உன் கட்டியைக் கரைக்கவில்லை. உன் காலை நிறுத்தியது. டாக்டரம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை; அதே பெஞ்சிலிருந்து நீ மட்டும் மாறி எழுந்தாய்.

ஆபரேஷன் முடிந்து வீடு வந்த பிறகு பேச வந்தவர்களைச் சமாளிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. எதிர்வீட்டுக்காரி, "பாடினவ தொண்டையையே உங்க சாமி எடுத்துக்கிச்சா?" என்று கேட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி மரத்தடியில் நானே கேட்ட கேள்விதானே அது! ஆனால் நம் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிற அம்மா வந்தார் பார், அவரை என்னால் தாங்க முடியவில்லை. ஆப்பிள் பழத்தோடு வந்து உன் கட்டிலருகே உட்கார்ந்தார். "சாத்தானுக்கு எங்கயோ ஒரு வாசல் தொறந்து கீதும்மா. நல்லா யோசிச்சிப் பாரு. பாவத்த அறிக்கை பண்ணு. முழு விசுவாசத்தோட துதிச்சா போன குரலு திரும்ப வரும். எத்தன சாட்சி கேட்டிருக்கோம்!" என்றார்.

"அப்ப இத்தன வருசம் இவ அர விசுவாசத்தோட துதிச்சாளா?" என்றேன். "பழத்த வெச்சிட்டுக் கெளம்புங்க, அவ தூங்கணும்."

அவர் முகம் கறுத்துப்போனது. நீ என் கையில் கிள்ளினாய். அவர் வாசல் தாண்டியதும் உன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாய் என்று பயந்துவிட்டேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். சத்தமே இல்லாத சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கழுத்துத் துணி மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. அப்புறம் நீ உதட்டை அசைத்து ஒரு வார்த்தை சொன்னாய். எனக்கு அது புரிய நேரம் ஆனது. நீ வேறு எதைச் சொல்வாய், ஸ்தோத்திரம்தான்.

கொஞ்சம் தேறியதும் வேலைக்கு வந்தாய். சொல்யூஷன் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். அதனால் உன்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். தைத்து வரும் மேல்தோலின் தையல்மேட்டைச் சுத்தியால் தட்டி மட்டமாக்குகிற வேலை. கழுத்தில் வெள்ளைத்துணி, கையில் சுத்தி. முதல் நாள் எல்லாரும் உன்னைப் பார்ப்பதும் தலையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்கள். மதியத்துக்குமேல் எனக்கு ஏதோ காதில் விழுந்தது. சுத்திச் சத்தம் சும்மா வரவில்லை, எண்ணி அடுக்கிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீ கீர்த்தனைக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். எந்தக் கீர்த்தனை என்றுகூடத் தெரிந்தது. பல்லவியில் நிதானமாக, அனுபல்லவியில் அழுத்தமாக, சரணத்தில் நெருக்கி.

மறுநாள் மேசையில் பாதிப்பேருக்கு அது தெரிந்துவிட்டது. நீ தட்டுவாய், நாங்கள் வாய்க்குள் பாடுவோம். நம் லைனில் எல்லாருக்கும் மூத்த அக்காவான பாத்திமா ஆபாகூட, "இன்னிக்கி அந்தப் பழைய பாட்டே போடச் சொல்லு, அதுல வேலை ஜாஸ்தி ஓடுது" என்று ஆள் விட்டனுப்புவார். சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டார். உன் எதிரில் இடுப்பில் கைவைத்து நின்று, "இன்னாம்மா, தாளமா போடற?" என்றார். நீ தட்டி முடித்த ஜோடியை எடுத்து அவரிடம் நீட்டினாய். அவர் தையலை விரலால் தடவிப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சுத்தியால் தட்டாதே என்று எந்தக் கம்பெனியில் சொல்ல முடியும்? அவர் போன திசையைப் பார்த்து நீ ஒரு அடி கூடுதலாகவே ஓங்கித் தட்டினாய்.

இனி நான் சொல்லப்போவதை நாம் பிறகு பேசிக்கொண்டதே இல்லை. உனக்குப் பேச்சு இல்லை. எனக்குத் தைரியம் இல்லை.

நம் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு ஸ்தோத்திர ஞாயிறு. நன்மை பெற்ற குடும்பம் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்கும். போதகர் காரணத்தைக் கேட்டுச் சபைக்குச் சொல்வார். மகனுக்கு வேலை, மகளுக்குப் பிரசவம், புதுவீடு, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று ஏதாவது இருக்கும். ஜெபித்ததும், குடும்பம் கேட்கிற பாட்டைச் சபை எழுந்து நின்று பாடும். காரணம் இல்லாமல் யாரும் முன்னால் போனதில்லை. நம் ஜனத்துக்கு அப்படி ஒரு யோசனையே வராது.

அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம்தான் டாக்டரம்மா நம்மை உட்காரவைத்து, நோய் திரும்ப வந்துவிட்டது, இந்த முறை வெட்டி எடுக்க முடியாது என்று சொல்லியிருந்தார். அது உனக்கும் எனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். வேலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது நான் மனதுக்குள் ஒன்று முடிவு செய்தேன். இனி கோயிலுக்கு வருவேன், உன் பக்கத்தில் உட்கார்வேன், ஆனால் துதி என்று என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. நீ கேட்டால்கூட.

நீ கேட்டாய். ஸ்தோத்திரக் குடும்பங்கள் வரலாம் என்று போதகர் சொன்னதும் எழுந்தாய். உன் வீட்டுக்காரரை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டாய். நான் கையை உதறப் பார்த்தேன். சுத்தி பிடித்த கை, விடுமா! சபை நடுவில் இழுபறி வேண்டாமே என்று வந்தேன். மூன்று பேரும் பீடத்தின் முன் நின்றோம். போதகர் புதிதாக மாற்றலாகி வந்தவர். உன் கழுத்துத் துணியையும் உன் சிரித்த முகத்தையும் பார்த்தார். அவர் வேறு எதை நினைப்பார்? மைக்கில் சொல்லிவிட்டார்: "நம் சகோதரிக்கு ஆண்டவர் பூரண சுகம் தந்தபடியால் குடும்பமாக ஸ்தோத்திரம் செலுத்த வந்திருக்கிறார்கள்."

சபை "ஆமென்" என்றது. ஜெபக்குழு அம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "பாத்தியா, நான் சொன்னேன் இல்ல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதும் முன்வரிசைவரை கேட்டது.

நீ தலையை ஆட்டினாய். இல்லை என்று. போதகருக்குப் புரியவில்லை. மறுபடியும் ஆட்டினாய். துணி ஒருபக்கம் விலகும் அளவுக்கு வேகமாக. அவர் மைக்கை இறக்கி, "அப்ப காரணம் இன்னாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். நீ உன் வீட்டுக்காரரைப் பார்த்தாய். அவர் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்ற நிலையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ என் பக்கம் திரும்பினாய். என் உதட்டைத் தொட்டுவிட்டு, சபையைக் காட்டினாய்.

எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. என் வாயைத்தான் நான் மூடிவைத்திருந்தேன். ஊர் உலகத்தில் அத்தனை வாய் இருக்க, அதையே கேட்கிறாய். முடியாது என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போயிருப்பேன். அப்போது குனிந்தேன். சேலைக்கொசுவம் அசைந்துகொண்டிருந்தது. உன் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரி மரத்தடியில் உனக்கு நீயே பாடி நிறுத்திக்கொண்ட கால்கள் அவை. இப்போது பாட உன்னிடம் ஒன்றும் இல்லை.

மைக்கை வாங்கினேன். "சொகமாவல ஐயா" என்றேன். "நோயி திரும்ப வந்துடுச்சி. இனிமே வெட்ட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ஒரு நன்மையும் நடக்கல. ஆனா இவ ஸ்தோத்திரம் செலுத்த வந்துகீறா. நோயிக்காக இல்ல. நோயிக்கு எவளும் ஸ்தோத்திரம் சொல்லமாட்டா. நோயி வந்துட்டதால இவ வாய மூடிக்கணுமா? மூடமாட்டேன்னு சொல்லத்தான் வந்துகீறா. காரணம்னு வேற ஒண்ணும் இல்ல."

பின்னால் யாரோ, "இதெல்லாம் சபையில சொல்லலாமா?" என்றார்கள். போதகர் என்னை, உன்னை, பிறகு பீடத்துச் சிலுவையைப் பார்த்தார். "இதுக்கு எப்டி ஜெபிக்கிறதுன்னு எனக்குத் தெரிலம்மா" என்றார். அவர்மேல் எனக்கு அந்த நிமிஷம் மரியாதை வந்தது. ஜெபிக்காமலேயே இறங்கிவந்து நம் பக்கத்தில் நின்றுகொண்டார். "பாட்டு?" என்று கேட்டார்.

பாட்டு எடுக்க ஆள் இல்லை. எடுக்கிறவள் நீதான். பாடகர் குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அப்போது நீ பீடத்தைச் சுற்றியிருந்த மரக்கிராதியில் உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தாய். நிதானமாக. எனக்கு உடனே தெரிந்தது. நம் லைன் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பல்லவி. இரண்டாம்முறை சுற்றி வந்தபோதும் யாரும் எடுக்கவில்லை. நீ நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

நான் எடுத்தேன்.

என் குரலைப் பற்றி உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே வாயை மட்டும் அசை என்று நிறுத்திவைத்தவள் நான். சுதி எங்கோ, நான் எங்கோ. கீபோர்டுக்காரர் ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். நான் நிற்கவில்லை. முதல் அடியை நான் தனியாகத்தான் பாடினேன். இரண்டாவதில் பின்வரிசையிலிருந்து நம் மேசைப் பெண்கள் எழுந்தார்கள். கையால் பெஞ்சைத் தட்டிக்கொண்டே எழுந்தார்கள். அப்புறம் சபை எழுந்தது. அழுதுகொண்டு பாடியவர்கள் இருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையோ எதிர்த்துத் தெருவில் சண்டைக்கு நிற்பதுபோல இருந்தது. உடம்பெல்லாம் பலம். அது என்னுடைய பலம் இல்லை என்பதும் தெரிந்தது. சரணத்தில் நான் குனிந்து பார்த்தேன். உன் சேலை அசையவில்லை.

அதற்குப் பிறகு நீ பல நாள் இருக்கவில்லை. சபையில் சிலர் நம்மேல் வருத்தப்பட்டார்கள். "விசுவாசிகள கலங்கடிச்சிட்டீங்க" என்று ஜெபக்குழு அம்மா என் முகத்துக்கு நேராகவே சொன்னார். "கலங்கட்டும், நல்லதுதான்" என்றேன். சமாதானம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் கடைசி வாரத்தில் மத்தியானங்களில் நான் வந்து உட்கார்வேன். நீ கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுவாய், நான் பாடுவேன். சுதி ரொம்பவும் போய்விட்டால் முகத்தைச் சுளிப்பாய். சாகக்கிடக்கிறவளுக்கு இவ்வளவு லொள்ளு ஆகாது என்று திட்டுவேன். தோள் குலுங்கும். தட்டுகிற விரல் ஒருநாள் நின்றது. பாட்டைப் பாதியில் விட்டுவிட வேண்டாமே என்று நான் முடிக்கும்வரை பாடிவிட்டுத்தான் உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில் ஒரு போதனை கேட்டேன். யாரோ வெளியூர்ப் பிரசங்கியார். துதித்தால் தடைகள் உடையும், வியாதி ஓடும், கேட்டதெல்லாம் வரும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர் சொல்வது லஞ்சம். நீ செய்தது அது இல்லை. உனக்கு ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராது என்று தெரிந்த பிறகும் தட்டினாய். ஆண்டவர் உனக்கு என்ன செய்தார் என்று கேட்டால், நடுங்கின காலோடு நின்றவளைக் கீழே விழவிடவில்லை என்பதைத் தவிர என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அது போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன். எனக்கு நீ வேண்டும்.

நான் சாந்தமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஏன் உன் தொண்டை என்று இன்றைக்கும் அவரைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வரவில்லை. பேச்சையும் விடவில்லை. மனசு சரியான பிறகு துதிக்கலாம் என்று காத்திருந்தால் நான் இன்னும் அந்த வேலூர் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பேன். கோபத்தோடுதான் பாடுகிறேன். சில ஞாயிறுகளில் பாடும்போது கை தானாக முஷ்டி பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பரவசம் என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் சபையில் பாட்டு எடுப்பது இப்போது நான்தான். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். நல்ல குரல் உள்ள பெண்கள் இருக்கிறார்கள், அவர்களை விடலாமே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களும் பாடட்டும், நான் யாரையும் தடுக்கவில்லையே. சாவு உன் தொண்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. என் தொண்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருகிற ஞாயிறும் எழுந்து நிற்பேன், இதே குரலில் எடுப்பேன். சுதி சேராவிட்டாலும் அவர் கேட்டுத்தான் ஆகவேண்டும்.